வேனுக்கு ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். சிங்கப்பூரில் நம் இளையர்கள் தொடங்கும் இசைக்குழுக்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏன் நிற்பதில்லை என்று கேட்டிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை, ஆளாளுக்குத் தலைக்கனம், அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் தபேலா வாசித்தவன் நான். எங்கள் குழு ஆறு வருடம் நின்றது. உடைந்தபோது எங்களில் ஒருவருக்கும் முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பொறுமைக்கு எங்களிடம் குறைச்சலே இல்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பொறுத்தோம், அதனால்தான் உடைந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

1985ல் தொடங்கினோம். குழுவின் பெயரை எழுத மாட்டேன். மற்றவர்கள் நல்லபடியாக இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். கீபோர்டு, லீட் கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், தபேலா, பாடகர் ஒருவர், பாடகி ஒருவர், ஆக ஏழு பேர். செவ்வாய்க்கிழமை இரவு சமூக நிலையத்தில் ஓர் அறை கிடைக்கும். பத்து மணிக்குக் காவலாளி வந்து விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார், கிளம்புங்கள் என்று அர்த்தம். வாசித்தது எல்லாமே சினிமாப் பாட்டு. திருமணம், பிறந்தநாள், கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று மாதத்துக்கு மூன்று நான்கு வரும். நான் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. சனி இரவு வாசித்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலையில் நின்ற நாட்கள் எத்தனையோ.

பேஸ் வாசித்தவனின் அப்பா பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக்கடைகளுக்குப் போடுகிறவர். அந்த வேன்தான் இரவில் எங்கள் வேன். இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, மிக்ஸர், ஆம்ப், டிரம் செட், என் தபேலா, எல்லாம் அதில் ஏறும். டிரம் பெட்டியைத் திறந்தால் வெங்காயத் தோல் பறக்கும். பாடகி பட்டுப்புடவையோடு அதில் ஏற மாட்டார், கறிவேப்பிலை வாசம் பிடித்துக்கொள்ளும் என்று டாக்சியில் வருவார். நிகழ்ச்சி முடிந்து எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டு இரண்டு மணிக்கு அவன் வீட்டுக்குப் போவான். மூன்று மணிக்கு அதே வேனில் அப்பாவோடு சந்தைக்கு.

ஒரு திருமணத்துக்கு 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குவோம். அதை எட்டாகப் பிரிப்போம். ஆள் ஏழு, வேனுக்கு ஒன்று. ஒரு பங்கு 100 வெள்ளி. யாருக்கு எவ்வளவு, யார் முன்பணம் வாங்கினார் என்பதையெல்லாம் நான்தான் எழுதி வைப்பேன். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகத்தில். இன்றும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது.

1990 வாக்கில் எங்கள் பாடகர் ஒரு பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினார். அதன் பிறகு தொலைபேசியில் கேட்பவர்கள் குழுவின் பெயரைக் கேட்பதில்லை, அவர் வருவாரா என்றுதான் கேட்டார்கள். அவர் இரண்டு பங்கு கேட்டார். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. உடனே கீபோர்டு வாசிப்பவர், கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு ஒவ்வொருவருக்கும் நோட்ஸ் எழுதித் தருவது நான், அப்படியென்றால் எனக்கும் இரண்டு என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

காப்பிக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 80 வெள்ளி. ஒன்பதாகப் பிரித்தால் 88 வெள்ளி சொச்சம். அந்த ஒன்பதுக்கு வர எதைக் குறைப்பது? "வேன் எப்படியும் அவங்க அப்பா வேன்தானே" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. நானாகவும் இருக்கலாம். பாடகி மட்டும், "அப்ப பெட்ரோல் யாரு ஊத்துவா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நான் பேனாவை எடுத்து 'வேன்' என்று எழுதியிருந்த வரியை அடித்தேன். பேஸ் வாசிப்பவன் கோப்பி ஓவைக் குடித்து முடித்துவிட்டு "சரி" என்றான். போன வாரம் வரை 200 வெள்ளி வாங்கியவன் 88 வெள்ளிக்கு இறங்கினான். மீதி நான்கு பேருக்கும் ஆளுக்கு எட்டு வெள்ளி சொச்சம் மிச்சம்!

அடுத்த மூன்று நிகழ்ச்சிக்கு வேனோடு வந்தான். நான்காவதுக்கு வேன் ஒர்க்ஷாப்பில் என்றான். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். வாடகை லாரி ஓர் இரவுக்கு 130 வெள்ளி. ஒரு பங்கை மிச்சப்படுத்தப் போய் அதைவிட அதிகமாகக் கொடுத்தோம். லாரிக்காரருக்கு ஸ்பீக்கர் பெட்டியும் ஒன்றுதான், பழைய சோஃபாவும் ஒன்றுதான். ஒரு பெட்டியின் மூலை உடைந்தது. ஒரு திருமணத்தில் பொண்ணு மாப்பிள்ளை மேடையேறி உட்கார்ந்த பிறகுதான் டிரம்ஸ் வந்து சேர்ந்தது. ஐந்து மாதத்தில் கதை முடிந்தது. கேட்டவர்களிடம் "கருத்து வேறுபாடு" என்றோம். ஊர் என்ன பேசியது தெரியுமா? "குழுவுல பொம்பளப் பிள்ளைய சேத்தா அப்படித்தான்." பெட்ரோலைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள்மேல் பழி.

ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் நேரம் போக்குகிறவன் நான். பெரிய பெரிய குழுக்களின் கதையைப் படிக்கப் படிக்க, தொகைதான் வேறு, அந்தக் காப்பிக்கடை மேசை அதேதான். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு உடைந்ததற்கு, அதில் ஒருவரான ஜான் லெனனின் மனைவி யோக்கோ ஓனோதான் காரணம் என்று உலகமே சொன்னது. நடந்ததைப் பாருங்கள். அவர்கள் கணக்கு வழக்கையெல்லாம் சுமந்த மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் 1967 ஆகஸ்டில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு யார் என்பதில் 1969ல் நால்வரில் மூன்று பேர் ஒரு பக்கம், பால் மெக்கார்ட்னி ஒரு பக்கம். மூவரும் ஆலன் கிளைன் என்றார்கள், பால் தன் மாமனார் வீட்டு வழக்கறிஞர்கள் என்றார். 1970 டிசம்பர் 31ஆம் தேதி கூட்டாண்மையைக் கலைக்கச் சொல்லி பால் நீதிமன்றத்துக்குப் போனார். நல்ல நாளாகப் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

இங்கிலாந்தின் தி ஸ்மித்ஸ் குழுவின் வழக்கு எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. நான்கு பேர். பாடுபவரும் கித்தார் வாசிப்பவரும் ஆளுக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பேஸுக்கும் டிரம்ஸுக்கும் பத்துப் பத்து கொடுத்தார்கள். பாட்டு எழுதியதற்கான பணம் இதில் சேராது, அது தனி. இது வாசித்துப் பதிவுசெய்ததற்கான பணம். குழு 1987லேயே உடைந்துவிட்டது. டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸ் வழக்குப் போட்டு 1996ல் ஜெயித்தார். அவருக்கு 25 விழுக்காடு, அதாவது சரிசமம் என்று தீர்ப்பு. பேஸ் வாசித்தவர் அதற்கு முன்பே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். (பேஸ்காரர்கள் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.) தீர்ப்புக்கு ஆதாரம் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம். வேறு விதமாகப் பேசி முடிவு செய்யாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்பது அதில் இருக்கிறது. அதே 1890 சட்டம்தான் சிங்கப்பூரிலும் நடப்பில் இருக்கிறது என்று தெரிந்தபோது என் 555 புத்தகத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சமமாகப் பிரித்தால் போதுமா என்று கேட்பீர்கள். அயர்லாந்தின் யூ2 குழுவுக்கு அதன் மேலாளர் பால் மெக்கின்னஸ் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். 1976ல் பள்ளியில் படிக்கும்போது குழுவாகச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒன்றாக இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழுவில் யார் மெட்டுப் போட்டாலும் நால்வர் பெயரும் சேர்ந்தே வரும். 1997ல் டிரம்ஸ் வாசித்தவர் விலகியபோது, என்னால் குழு உடையக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மற்ற மூவரும் 2011 வரை ஓட்டினார்கள். ஆனால் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1962லிருந்து இருக்கிறது. அங்கே சமமெல்லாம் இல்லை. பெரும்பாலான பாட்டு இருவர் பெயரில்தான். ஆகவே எல்லாருக்கும் ஒரே பங்கு வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. யாருக்கு எவ்வளவு, எதற்காக என்பதைப் பணம் வருவதற்கு முன்பே வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும். பேசியதைப் பிறகு ஒருவர் முதுகுக்குப் பின்னாலோ, முகத்துக்கு நேரே அவர் "சரி" சொல்லும்படியோ மாற்றக்கூடாது. இரண்டாவதுதான் ரொம்ப மோசம்.

நம்மவர் கதையும் ஒன்று. விஸ்வநாதன்–ராமமூர்த்தி. 1952லிருந்து 1965 வரை பதின்மூன்று ஆண்டு இரண்டு பேரும் ஒரே பெயராக இருந்தார்கள். ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். வயதுப்படி ராமமூர்த்தி பெயர் முன்னால் வர வேண்டும். பெரியவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சொல்லித்தான் விஸ்வநாதன் பெயர் முன்னால் வந்தது என்பார்கள். 1963ல் மெல்லிசை மன்னர்கள் என்று பட்டம், 1965ல் பிரிவு. விஸ்வநாதன் தனியாகவும் கொடிகட்டிப் பறந்தார். ராமமூர்த்திக்கு அமைந்த படங்கள் கொஞ்சம்தான். முப்பது வருடம் கழித்து 1995ல் ஒரே ஒரு படத்துக்குச் சேர்ந்தார்கள். என் அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் யார் பெரியவர் என்று சண்டை போட்டு ஒரு தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பிரிந்ததற்கு அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இருவருக்குமே காரணம் தெரியாது. பின்னால் நின்று தாங்குகிறவருக்கு எவ்வளவு கனம் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

நாகஸ்வரச் செட்டில் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருப்பார். ஒரே சுரம், மூச்சு விடாமல். ராகம் ஆலாபனை ஒன்றும் கிடையாது. அவர் நிறுத்தினால் நாகஸ்வரக்காரருக்குச் சுருதி போய்விடும். அப்படிப்பட்ட வேலையைத்தான் "ஒத்து ஊதுறான்" என்று கேலிப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம். இப்போது அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மாதிரிக் குழுக்களின் இடத்தில் மைனஸ் ஒன், அதாவது பாடகர் குரல் மட்டும் இல்லாத பதிவிசை, வந்து உட்கார்ந்ததுபோல. அதற்கு வேனும் வேண்டாம், கோபமும் வராது.

அன்பர் இளையர்களுக்குப் பொறுமையில்லை என்றாரே, அதற்கு வருகிறேன். இங்கே பதினெட்டு வயதுப் பையன்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கி, கொஞ்சம் பிடிபடும் நேரத்தில் தேசிய சேவைக் கடிதம், அதாவது கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு, வருகிறது. 1967லிருந்து இதுதான் வழக்கம். எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவன் ஜனவரி, ஒருவன் ஏப்ரல், பாலிடெக்னிக் முடிக்காதவன் அடுத்த வருடம். எனக்கு இரண்டரை ஆண்டு, 2004க்குப் பிறகு அது இரண்டு ஆண்டாகியிருக்கிறது. இரண்டு ஆண்டுதானே என்று தோன்றும். முதல் ஆள் உள்ளே போய்க் கடைசி ஆள் வெளியே வருவதற்குள் மூன்று நான்கு ஆண்டு ஓடிவிடும். அதற்குள் பாடகி பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போயிருப்பாள். நாட்டுக்கு அது வேண்டியதுதான், நானும் செய்தேன். ஆனால் பீட்டில்ஸ் என்ற அந்த லிவர்பூல் பையன்களுக்கு இந்தத் தடை இருந்ததில்லை. அவர்கள் காலத்தில் அங்கே கட்டாய ராணுவச் சேவையை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

என் தங்கையின் பேரனுக்குப் பத்தொன்பது வயது. நான்கு பேராகச் சேர்ந்து சொந்தமாகத் தமிழ்ப் பாட்டுப் போடுகிறார்கள். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டுடியோவில் ஜாமிங். கேட்க வைத்தான். வரிகள் அவனுடையவை, மெட்டும் அவன்தான். ஆனால் அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துவது டிரம்ஸ் வாசிக்கும் பையன் நடுவில் மாற்றிப் போடும் ஒரு நடை. தபேலாக்காரன் காதுக்கு அது தப்பாது.

"பாட்டு யாரோடதுன்னு பேசிட்டீங்களாப்பா?" என்றேன்.

"நாங்கல்லாம் ஃபிரண்ட்ஸ் தாத்தா. அதைப் போய்க் கேட்டா அசிங்கமா இருக்கும்."

அந்த 'அசிங்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காப்பிக்கடை ஞாபகம் வந்தது. எங்களுக்காவது 800 வெள்ளியோடு முடிந்தது, சினிமாப் பாட்டில் எங்களுக்கு உரிமை ஏது? இவர்கள் பாட்டு சொந்தப் பாட்டு. பாட்டு எழுதுவோர், இசையமைப்போரின் உரிமைத்தொகையை வசூலித்துக் கொடுக்க இங்கே 1987லிருந்து காம்பஸ் என்ற சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டைப் பதியும்போது இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று எழுதியாக வேண்டும். நண்பர்கள் என்று எழுத அங்கே கட்டம் கிடையாது. டிரம்ஸ் பையன் ஜனவரியில் தேசிய சேவைக்குப் போகிறான். அவன் போவதற்கு முன்னால் நால்வரும் உட்கார்ந்து பேசுங்கள், அவன் இல்லாதபோது பேசாதீர்கள் என்றேன். தலையாட்டினான். பேசினானா என்று இன்னும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் தேக்கா சந்தையில் மீன்கடை முன்னால் எங்கள் பேஸ்காரனைப் பார்த்தேன். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து மெதுவாக நடந்தான். பேரப்பிள்ளை, பென்ஷன், சர்க்கரை எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஏன்டா அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன சொல்றது? அந்த நூறு வெள்ளிய நான் வச்சுக்கிட்டதே இல்ல. அப்பாகிட்டதான் குடுப்பேன். பாட்டு வாசிச்சு வேன் வாடகை கொண்டாந்து குடுக்குறான் என் மவன்னு அவரு சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிவாரு. இனிமே கிடையாதுன்னு அவருகிட்ட எப்படிடா சொல்றது? உங்ககிட்ட வேன் ரிப்பேருன்னு சொன்னேன். அவருகிட்ட உங்களுக்கு நிகழ்ச்சியே கொறஞ்சு போச்சுன்னு சொன்னேன்."

மீன்காரர் எத்தனை கிலோ என்று கேட்டார். நாங்கள் இருவரும் பதில் சொல்லாமல் நின்றோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். கலைநிகழ்ச்சிச் செய்திகளில் படத்துக்குக் கீழே பாடகர் பெயரைப் போட்டு, "இசைக்குழுவினருடன்" என்று முடித்துவிடுகிறீர்கள். எங்கள் படமும் ஒரு தடவை வந்தது, அதே வாசகத்தோடு. பேஸ்காரனின் அப்பா அதை வெட்டி வேன் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார், மகன் பெயர் அதில் இல்லாமலே. இனி வாசித்த எல்லாருடைய பெயரையும் போடுங்கள். அறிவிப்பாளர்களும் நிகழ்ச்சி முடிவில் ஒருவரையும் விடாமல் படித்துச் சொல்ல வேண்டும். ஏழு பேர் என்றால் அச்சில் இரண்டு வரி ஆகும். வேன் ஓட்டியவர் பெயரையும் சேர்த்தால் இரண்டரை.

இப்படிக்கு,
பழைய தபேலாக்காரர் ஒருவர்,
ஈசூன்